வைக்கோல் கன்றின் பசி

வைக்கோல் கன்றுக்கு முதன்முதலாகப் பசித்தது நெல்லறுப்பு முடிந்து கழனிகள் வெறும் தாளாகக் கிடந்த மாதத்தில், ஒரு விடியற்காலையில், பால் வண்டி ஏரிக்கரை வளைவில் திரும்பி ஹாரன் அடிப்பதற்குச் சற்று முன்னால். அதற்கு முன்பு வைக்கோலுக்குப் பசித்ததாக எங்கள் பக்கத்தில் யாரும் சொல்லக் கேட்டதில்லை, ஆனாலும் பசியை எந்த முகத்தில் கண்டாலும் அடையாளம் தெரிந்துகொள்கிற ஊர் என்பதால், கண்டவர்கள் யாரும் கூச்சல் போடவில்லை.

ஊர் புங்கந்தாங்கல், ஜவ்வாது மலையின் காலடியில் மழை வந்தால் நெல்லும் வராவிட்டால் கேழ்வரகுமாகப் பிழைக்கிற ஊர். அங்கே வீட்டுக்கு வீடு மாடு உண்டு, மாட்டுக்கு மாடு பால் உண்டு, பால் குடித்த வாய் மட்டும் கிடையாது. மடியில் இருக்கும்போதே அதற்குச் சொசைட்டிப் பால் என்றுதான் பெயர். கறந்த விரலில் ஒட்டிய நுரையைக்கூட மாட்டின் முதுகிலேயே தடவிவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். பள்ளிக்கூட வேனும் உரமூட்டையும் கல்யாண மொய்யும் அந்தப் பாலிலிருந்துதான் வந்தாகவேண்டும் என்பதால் இதில் யாரையும் குறை சொல்ல வழியில்லை. பிள்ளைகள் வரக்காப்பியில் பன்னைத் தோய்த்துத் தின்றார்கள். பிள்ளை பெற்றவள், பால் குடித்தால் குழந்தைக்குச் சளி கட்டும், முட்டை தின்றால் மாந்தம் வரும், கீரை தின்றால் பச்சையாகப் போகும் என்று சுட்ட பூண்டும் மிளகு ரசமும் சோறுமாக மாதக்கணக்கில் கிடந்தாள். அங்கன்வாடியில் தாய்க்கும் சேய்க்கும் என்று கொடுக்கிற சத்துமாவை அரிசி கழுவிய கழனித் தண்ணீரில் கரைத்து மாட்டுத் தொட்டியில் ஊற்றினாள், மாடு மினுமினுத்தது, பாலின் தரம் காட்டுகிற டிகிரி ஏறியது, ஏறிய பால் வண்டியேறிப் போனது, பிள்ளை மறுபடியும் வரக்காப்பிக்கு வாயைத் திறந்தது.

அந்த ஊரில் கன்னியம்மாவின் வீடு ஏரிக்கரையை ஒட்டிய கடைசி வீடு. நாற்பத்தேழு வயதுக்காரி, புருஷனை இழந்த நாளிலிருந்து மாட்டையும் வீட்டையும் ஒற்றைக் கையில் பிடித்திருப்பவள். மகன் ஏழுமலை போர்வெல் வண்டியில் வேலைக்கு ஏறி வடக்கே எங்கோ பூமியைத் துளைத்துக்கொண்டிருந்தான், அதனால் வீட்டில் அவளும் மருமகள் ரேணுகாவும் ரேணுகாவின் மகள் கனிஷ்காவும்தான். கனிஷ்காவுக்கு வயது ஒன்றரை ஆகியும் நிற்க வரவில்லை. அழக்கூட அவளுக்குத் தெம்பு போதவில்லை. அழுகையைத் தொடங்கிவிட்டுப் பாதியிலேயே மறந்துபோய்த் தூளியின் துணியைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். அங்கன்வாடித் தராசில் தொங்கவிட்டபோது முள் மனசில்லாமல் கொஞ்சம் நகர்ந்து நின்றுவிட, ஜெயந்தி டீச்சர் ரேணுகாவைப் பார்த்து, "ஏம்மா, மாவை யாருக்குக் குடுத்த?" என்றார்.

"வூட்டுல கீற வாயில்லாத ஜீவனுக்கு டீச்சர்."

"அதுக்கு வாய் இருக்கு, தொட்டிய நக்கித் தின்னுது. இதுக்குத்தான் இல்ல," என்று குழந்தையைத் தராசிலிருந்து எடுத்து அவள் கையில் கொடுத்தார். "இப்படியே போச்சுன்னா அடுத்த மழைய இவ பாக்க மாட்டா. நான் பயமுறுத்தல. பாத்ததச் சொல்றேன்."

அந்த மாதத்தில்தான் அவர்கள் வீட்டுச் செவலைப் பசு காளைக்கன்று ஈன்றது. எங்கள் பக்கத்தில் காளைக்கன்றை யாரும் கொல்வதில்லை. மடி இறங்குவதற்காக ஒரு வாய் சப்பவிட்டு, சப்பும்போதே கழுத்தைப் பிடித்து இழுத்து முளைக்குச்சியில் கட்டிவிடுவார்கள், அவ்வளவுதான், அது தானாகவே மெலிந்து தானாகவே படுத்துக்கொள்ளும். செவலையின் கன்றும் அப்படித்தான் படுத்துக்கொண்டது. கன்றைக் காணாத செவலை மடியை இறுக்கிக்கொண்டு, எவ்வளவு தடவினாலும் ஒரு சொட்டு இறக்காமல், மாட்டுக் கொட்டாயே அதிரக் கத்தியது. அதற்கும் ஊரில் வழி உண்டு. செத்த கன்றின் தோலை உரித்து, உப்பும் சாம்பலும் தடவி வெயிலில் காயவைத்து, உள்ளே வைக்கோலைத் திணித்து, வேலிக்கருவைக் கழிகளைக் கால்களாகக் கொடுத்து, ரேணுகா உட்கார்ந்து வயிற்றைக் கோணி ஊசியால் தைத்தாள். வைக்கோல் பற்றாமல் கனிஷ்காவின் கிழிந்த தூளித்துணியையும் சேர்த்துத் திணித்துவிட்டாள் என்று பிறகு சிலர் சொன்னார்கள். அமாவாசையில் தைத்ததால்தான் என்று சிலர் சொன்னார்கள். அவளைக் கேட்டால் ஞாபகமில்லை என்றாள். தைத்த கன்றைச் செவலையின் முன்னால் நிறுத்தினார்கள், செவலை அதன் முதுகை நக்கியது, நக்க நக்க மடி இறங்கியது, பால் பாத்திரத்தில் சர் சர்ரென்று விழுந்தது, வண்டி வந்து வாங்கிக்கொண்டு போனது. சில காலம் எல்லாம் வழக்கப்படி நடந்தது.

அப்புறம் அந்த விடியற்காலை வந்தது. ரேணுகா பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கொட்டாய்க்குள் நுழைந்தபோது வைக்கோல் கன்று நிறுத்திவைத்த இடத்தில் இல்லை, செவலையின் பின்னங்கால்களுக்கு நடுவே தலையைக் கொடுத்து, மடியை முட்டி முட்டிக் குடித்துக்கொண்டிருந்தது.

"அத்தே, கன்னுக்குட்டி பால் குடிச்சிகினு கீது."

"எந்தக் கன்னுக்குட்டிடீ?"

"நம்ப வைக்கோலு."

கன்னியம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். கழிக்கால்கள் மடங்கத் தெரியாமல் விறைத்துக்கொண்டு நிற்க, தையல் போட்ட வயிறு ஏறி இறங்க, வால் இருக்க வேண்டிய இடத்தில் ரேணுகா முடிந்துவிட்ட கயிறு குஷியாக ஆடிக்கொண்டிருந்தது. "ஒரு காம்பாவது விட்டு வெக்கச் சொல்லுடி, வண்டி வர்ற நேரம்," என்று சொல்லிவிட்டு அடுப்பை ஊதப் போனாள்.

ரேணுகா போய்ச் சொல்வதற்குள் தூளியிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் கனிஷ்கா கண்ணை மூடிக்கொண்டு, ஒன்றுமில்லாத காற்றை உதட்டால் கவ்வி, கன்று ஒரு மிடறு இழுக்க இவள் ஒரு மிடறு விழுங்கிக்கொண்டிருந்தாள். கடைவாயிலிருந்து கழுத்துவரை வெள்ளையாக ஒரு கோடு இறங்கி, அதில் ஆவி பறந்தது. ரேணுகா அந்தக் கோட்டை விரலால் தொட்டாள், சூடாக இருந்தது. அப்படியே தூளியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, குழந்தை ஏப்பம் விடும்வரை, தான் மூச்சு விடுவதைக்கூடத் தள்ளிப்போட்டு நின்றாள். கொட்டாய்க்குத் திரும்பிக் கன்றின் தையலுக்குள் விரலை விட்டுப் பார்த்தபோது வைக்கோல் போரிலிருந்து உருவியது போலவே காய்ந்து கிடந்தது.

அதன் பிறகு ஊர் அந்தக் கன்றோடு வாழப் பழகியது. கன்று நடந்தால் வைக்கோல் படுக்கையில் யாரோ புரண்டு படுப்பது போலச் சத்தம் வரும், அந்தச் சத்தம் கேட்டால் சைக்கிளில் போகிறவர்கள் ஓரம் கட்டுவார்கள். மற்ற மாடுகள் அதைக் கன்று என்று நினைத்து நக்குவதா தீவனம் என்று நினைத்துத் தின்பதா என்று தெரியாமல் முதலில் நக்கி அப்புறம் ஒரு வாய் கடித்தன. ஆடுகளுக்கு அந்தக் குழப்பமே இல்லை, நேராகத் தொடையிலேயே வாய் வைத்தன. அதனால் ஆடு மேய்ப்பவர்கள் அந்தத் தெரு வழியாகப் போவதை விட்டார்கள். தொடை இளைத்துப்போனால் அவரவர் போரிலிருந்து நல்ல வைக்கோலாகப் பார்த்து ஒரு பிடி கொண்டுவந்து திணித்துவிட்டுப் போனார்கள். மாட்டு டாக்டர் வந்தார், ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார், "உள்ள காத்துதான் ஓடுது. ஆனா பசியோட ஓடுது," என்றார், காதில் அடையாளக் கம்மல் போடுவதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை, குடல் இருந்தால்தான் பூச்சி மருந்து கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டு, போகும்போது அதன் நெற்றியை ஒருமுறை சொறிந்துவிட்டுப் போனார். பாதி வாழ்க்கையை வெளியூர்களில் கழித்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்த நான், பக்கத்து வீட்டுக் கஸ்தூரியிடம் வைக்கோல் எப்படிப் பால் குடிக்கும் என்று கேட்டேன். "பசிச்சா குடிக்கும்ணா. நீங்க போன ஊர்ல எல்லாம் பசிச்சா இன்னா பண்ணுவாங்க?" என்றாள்.

கனிஷ்காவின் கன்னத்தில் முதலில் நிறம் வந்தது, பிறகு சதை வந்தது, பிறகு ஒரு நாள் குரல் வந்தது. தொடங்கிய அழுகையை அவள் முழுசாக அழுது முடித்தபோது தெருவே வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டது. தராசு முள் தானாக ஓடியது. அதைப் பார்த்த கஸ்தூரி தன் பையனைத் தூக்கிவந்து கன்றின் மேல் சாய்த்து உட்காரவைத்தாள். கன்று குடித்தபோது அவன் தொண்டையும் அசைந்தது. அடுத்த வேளைக்கு அந்தத் தெருவின் பிள்ளைகள் எல்லாம் கன்றைச் சுற்றி வைக்கோல் போரில் ஒண்டிய குருவிகள் போல ஒட்டிக்கொண்டிருந்தார்கள். செவலையின் பால் எத்தனை தொண்டைக்குத்தான் போதும்? கன்று செவலையை முடித்துவிட்டு, கறவை நேரம் பார்த்துக் கஸ்தூரி வீட்டுக் கொட்டாய்க்குப் போனது, அங்கிருந்து அடுத்த வீட்டுக்குப் போனது. எந்த மாடும் அதை உதைக்கவில்லை, எல்லா மாடும் தான் ஈன்றதைப் பார்ப்பது போல் பார்த்து, காலை அகற்றி, மடியைத் தளர்த்தி நின்றது. தாய்மார்கள் வேலிக்கு வெளியே நின்று, தங்கள் பிள்ளைகளின் குரல்வளைகள் ஒரே தாளத்தில் ஏறி இறங்குவதைக் கோயிலில் கற்பூரம் காட்டும் நேரத்தில் நிற்பது போல நின்று பார்த்தார்கள்.

சொசைட்டி கேன்கள் பாதியாகின. பால் ஊற்றும் இடத்தில் ஊர் கூடியது. செக்ரட்டரி தணிகாசலம் கெட்டவரில்லை, கேனை நிரப்பியே பழகியவர். "வண்டி எத்தினி நாளுக்குத்தான் காலி கேனத் தூக்கிகினு போவும்? ரூட்ட மாத்திடுவன்றான். அப்புறம் பாலக் கறந்து ஏரியிலயா ஊத்தப் போறீங்க? வைக்கோலுக்குப் பால் வார்த்த ஊருன்னு பேரு வேணுமா?"

"புள்ளைங்க தேறிகினு வருதே செக்ரட்டரி," என்றாள் கஸ்தூரி.

"தேறட்டும்மா, வேணான்னா சொல்றன்? ஸ்கூல் வேன் பீஸுக்கு அந்தக் கன்னுக்குட்டிய அனுப்பிக் குடுக்கச் சொல்றியா?"

கன்றைப் பிரித்துவிடுவது என்று முடிவானது. செவலைக்கு உடையவள்தான் பிரிக்க வேண்டும், வேறு யார் கை வைத்தாலும் பாவம் என்றார்கள். கன்னியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "காலையில பிரிச்சுடறன்," என்றாள். ஊர் சொன்னதை அவள் எப்போதும் மீறியதில்லை.

வீட்டுக்குத் திரும்பியதும் ரேணுகா வாசலில் வந்து நின்று, "அத்தே, அது போச்சுன்னா இவ போயிடுவா," என்றாள்.

"போ மாட்டா. நாங்கல்லாம் பெத்து வளக்கலியா? ஒன் புருஷன் வரக்காப்பியிலதான் வளந்தான். கடப்பாற மாதிரி கீறான்."

"அவரு வளந்தாரு அத்தே. மொத ரெண்டும் வளரலியே."

ஏழுமலைக்கு முன்னால் இரண்டு பிறந்து இறந்தது ஊருக்கே தெரியும். கன்னியம்மாவின் முகத்துக்கு நேராக அதுவரை யாரும் சொன்னதில்லை. அவள் தன்னை அடிக்கக் கை ஓங்குவாள் என்று ரேணுகா எதிர்பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டாள். கன்னியம்மா அவளைத் தாண்டிப் போய்ச் செவலைக்குத் தண்ணி காட்டினாள்.

காலையில் கொட்டாயைச் சுற்றி ஊர் நின்றது. செவலையைக் கறந்து முடித்த பால், வண்டிக்காக, பித்தளைச் சொம்பு நிறைய ஓரமாக இருந்தது. கன்றுக்குக் கொடுக்கக் கூடாது என்று ரேணுகாவை அதன் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். கனிஷ்கா கன்றின் முன்னங்காலான கழியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கத் தொடங்கி அந்த வாரம்தான் ஆகியிருந்தது. கால்கள் கிடுகிடுவென்று ஆடினாலும் உட்கார மறுத்தாள்.

கன்னியம்மா கருக்கரிவாளின் நுனியால் தையலை அறுத்தாள். கையை விட்டு முதல் பிடி வைக்கோலை இழுத்துப் போட்டாள். தூளியின் கயிறு அறுந்தது போல, கனிஷ்காவின் முழங்கால் மடங்கியது. ரேணுகா வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டாம் பிடி, மூன்றாம் பிடி என்று வைக்கோல் வந்துகொண்டே இருந்தது, ஒரு கன்றுக்குள் அடங்காத வைக்கோல், ஒரு போருக்குக் காணும் வைக்கோல், அவள் முழங்கால் மறையக் குவிந்து, இடுப்புக்கு ஏறி, இன்னும் வந்தது. மேலே வந்தது காய்ந்திருந்தது, பிறகு வந்தது வெதுவெதுப்பாக இருந்தது, பிறகு வந்ததில் ஈன்ற அறையின் வாசனை அடித்தது, கூட்டத்தில் நின்ற பெண்கள் ஒவ்வொருத்தியும் அந்த வாசனையைத் தன்னுடையது என்று நினைத்து மாராப்பைச் சரிசெய்துகொண்டாள். கன்னியம்மாவின் கை முழங்கை வரை போனது, தோள் வரை போனது. அங்கே நின்றுவிட்டது.

உள்ளே கையில் என்ன பட்டது என்று பின்னால் கேட்டவர்களுக்கெல்லாம் அவள் ஒரே பதிலைத்தான் சொன்னாள்: உள்ளே ஒன்றுமில்லை, ஆனால் அந்த ஒன்றுமில்லாதது என் விரலைக் கவ்விச் சப்பிற்று, பால் இல்லாத மாரைப் பிள்ளை சப்புவது போலச் சப்பிற்று, அந்தச் சப்பலை எனக்குத் தெரியும்.

அவள் கையை உருவவில்லை.

"இன்னாம்மா ஆச்சு?" என்றார் தணிகாசலம்.

"பசிக்குது."

"எதுக்கு? கன்னுக்கா?"

"எனக்கு," என்றாள் கன்னியம்மா. சொல்லிவிட்டு, தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டவள் போல விழித்தாள். "எனக்குப் பசிக்குதுடி கஸ்தூரி. ரெண்டு பொறந்து போச்சே, அப்ப இருந்தே பசிக்குது."

அவள் கையை வெளியே உருவினாள். தோளிலிருந்து விரல்வரை நனைந்து, கன்று நாக்கு பட்டது போலப் பளபளத்தது. வைக்கோல் குவியலை மிதித்து இறங்கிப் போய்ப் பித்தளைச் சொம்பைத் தூக்கினாள். வாய்வரை கொண்டுபோனவள் நிறுத்தி, திரும்பி, ரேணுகாவிடம் நீட்டினாள்.

"குடி."

"அத்தே, இவளுக்கு மொதல்ல..."

"நீ குடிடி. வத்திப்போன கெணத்துல எத்தினி நாளைக்குத்தான் வாளிய விடுவ?"

ரேணுகா சொம்பை வாங்கி, அத்தனை பேர் பார்க்கிறார்களே என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஏன் திரும்பிக்கற? திருடியா குடிக்கற? இந்தப் பக்கம் பாத்துக் குடி," என்று கன்னியம்மா அவள் தோளைப் பிடித்துக் கூட்டத்தைப் பார்க்கத் திருப்பினாள். ரேணுகா குடித்தாள். மருமகள் ஒருத்தி விடிந்த வெளிச்சத்தில், மாமியாருக்கும் ஊருக்கும் முன்னால், அண்ணாந்து பால் குடிப்பதைப் புங்கந்தாங்கல் முதன்முதலாகப் பார்த்தது. வைக்கோல் கன்று பால் குடித்தபோது கூச்சல் போடாத ஊர் அதைப் பார்த்து "ஆ"வென்றது. அவள் விழுங்க விழுங்க வேலிக்கு அந்தப்பக்கம் நின்ற பெண்களின் தொண்டைகளும் வெறுமனே அசைந்தன. அவள் ரவிக்கையின் முன்பக்கம், ஆறு மாதமாக ஈரம் காணாத இடம், மெல்ல நனைந்து வட்டமாகப் பரவியது. கனிஷ்கா தலையைத் தூக்கினாள். மடங்கிய முழங்காலை ஊன்றி எழுந்து, கன்றின் காலை விட்டு, பிடிக்க ஒன்றுமில்லாத இடத்தில் இரண்டு எட்டு வைத்துத் தாயின் புடவைக்குள் முகத்தைக் கொடுத்தாள். விழுங்கும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

வயிறு திறந்தபடி நின்ற கன்று இத்தனை நாளாய் மடங்காத கழிக்கால்களை மடக்கி, தன்னிடமிருந்து வந்த வைக்கோலின் மேலேயே படுத்துக்கொண்டது. செவலை அதை நக்கியது, நக்கிக்கொண்டே இருந்தது.

சொம்பில் மிச்சமிருந்ததைக் கன்னியம்மா குடித்தாள். நிதானமாக, கண்ணை மூடிக்கொண்டு, கடைசிச் சொட்டுவரை. முப்பது வருஷமாய் அந்தக் கையால் சொசைட்டிக் கேனை நிரப்பியவள், சொம்பை இறக்கிவிட்டுச் சுற்றிலும் பார்த்து, "இது எப்பவுமே இவ்ளோ இனிப்பாத்தான் இருக்குமா?" என்று கேட்டாள். பதில் தெரிந்த பெண்பிள்ளை அந்தக் கூட்டத்தில் ஒருத்திகூட இல்லை. கஸ்தூரிதான் முதலில் நகர்ந்தாள். பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு தன் வீட்டுக் கொட்டாயைப் பார்த்து வேகமாக நடந்தாள், அவளுக்குப் பின்னால் அடுத்தவள், அவளுக்குப் பின்னால் அடுத்தவள்.

ஏரிக்கரை வளைவில் ஹாரன் அடித்தது. தணிகாசலம் வாசலையும் காலிச் சொம்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப சொசைட்டிக்கு?"

கன்னியம்மா மேலுதட்டு நுரையைத் துடைக்கவில்லை.

"மிஞ்சுனா ஊத்தறன்," என்றாள்.